ட்வைலா அடைத்த தோட்டாக்கள்

மேவிஸ் கைத்துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டாள். அது முன்னால் பாய்ந்தது. ஆனால் ஒரு கோதுமை மணி அளவுக்கு மூடாமல் நின்றுவிட்டது.

சரளைக் குழியின் மண்மேட்டுக்கு எதிரே வரிசையாக நின்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் ட்வைலாவை அடக்கம் செய்தாகிவிட்டது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாகிவிட்டது. பல வருடங்கள் அவளோடு இங்கே சுட்டவர்கள், அவள் வீட்டில் தன் கையாலேயே மருந்தும் குண்டும் அடைத்த தோட்டாவை ஆளுக்கொன்று சுட்டு அவளை வழியனுப்ப வந்திருந்தார்கள். அவளுடைய கணவன் ஹார்லன் மட்டும் வெறுங்கையோடு நின்றான். அவன் நெடுந்தூர லாரி ஓட்டுபவன். துப்பாக்கியெல்லாம் அவள் சமாசாரம்.

"எனக்கும் உள்ள போகல," என்றான் கிளைட். "ட்வைலா தோட்டாவா இது? வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

"யாரும் சுட வேணாம். இறக்கி வைங்க," என்றாள் மேவிஸ்.

தோட்டாவை வெளியே எடுத்து, அருகில் நின்ற லாரியின் என்ஜின் மூடியின்மேல் துப்பாக்கியைப் பிரித்தாள். குழலை மட்டும் தனியே நிமிர்த்திப் பிடித்து அதே தோட்டாவை அதற்குள் போட்டாள்.

"சரியா இருந்தா டொக்குனு விழும். கவுத்தா தானா வெளிய வரும். இதப் பாரு, நிக்குது."

நன்றாக உள்ளே போன இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நீளம் ஒன்றாகத்தான் இருந்தது. பிறகு பித்தளைக் கூட்டின் வாயைச் சுற்றி நகத்தை ஓட்டினாள்.

"இங்க தடவிப் பாரு, ஹார்லன்."

விளிம்பு அவன் கட்டைவிரலில் தட்டியது.

"குண்டை உக்கார வைக்கறதுக்கு இந்த வாயைக் கொஞ்சம் விரிக்கணும். உக்கார வெச்சப்புறம் அமுக்குப் பொறியோட லிவரைக் கடைசிவரைக்கும் அமுக்கி விரிப்பை மூடிடணும். அமுக்கியிருக்கா. கடைசிவரைக்கும் இல்ல."

"மறந்திருப்பாளோ?" என்றான் கிளைட்.

மேவிஸ் எல்லோருடைய தோட்டாக்களையும் வாங்கித் திரும்பப் பெட்டிகளில் போட்டாள். கிளைட் தன்னிடம் கடையில் வாங்கிய தோட்டா இருக்கிறது, அதையாவது சுடலாமே என்றான். யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காற்று சுழற்றி அடித்தது. ஒவ்வொருவராக வந்து ஹார்லனின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

மேவிஸ் மட்டும் தோட்டாப் பெட்டிகளோடு அவன் வீட்டுக்கு வந்தாள். "வாய் விரிஞ்சது பெரிய விஷயமில்ல, திரும்ப அமுக்கிடலாம். வெடிமருந்தும் அளவு தப்பா விழுந்திருந்தா யாரு கையாவது போயிடும். பிரிச்சுடணும்," என்றாள்.

கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையில்தான் ட்வைலாவின் மேசை. ஹார்லன் அந்தப் பக்கம் போவதே அபூர்வம். ஆனாலும் அமுக்குப் பொறியைப் பார்த்ததும் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. லிவர் இடப்பக்கம் இருந்தது. முக்காலியும் அந்தப் பக்கமாக நகர்ந்திருந்தது.

"இது ஏன் இந்தப் பக்கம் இருக்கு? அவளுக்கு வலது கைதானே பழக்கம்?"

மேவிஸ் கோட்டைக் கழற்றி மாட்டினாள். "போன கோடையிலிருந்தே வலது கை சரியில்ல. கப்பு நழுவும். சட்டைப் பொத்தான் போட வராது. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல சின்னச் சின்ன அடைப்புன்னு டாக்டர் சொன்னாரு."

"நீ கூடப் போனியா?"

"நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

சாலையோர நிறுத்தங்களிலிருந்து ஹார்லன் தினமும் சாயங்காலம் ஃபோன் செய்வான். ட்வைலா காற்றைப் பற்றிச் சொல்வாள், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொல்வாள். ஒருமுறை ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை என்றாள். 'கிளைட்டைக் கூப்பிடு, அவன் கை வேற எதுக்கு இருக்கு' என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். இப்போது யோசித்தால், அவள் சிரித்தாளா என்பது நினைவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'சொன்னா வண்டிய வித்துட்டு வந்து உக்காந்துக்குவான், நாள் பூரா என் கையையே பாத்துக்கிட்டு இருப்பான்'னா." மேவிஸ் பெட்டியைத் திறந்தாள். "வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

தாமதமாகும் என்று தெரிந்தும், சரக்கு நாளைக்கு வந்துவிடும் என்று கம்பெனிக்காரனிடம் சொல்லும் குரல் அது. அவனுக்கே கேட்டது. மேவிஸ் தலையாட்டினாள்.

தோட்டாவைப் பிரிப்பதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருந்தது. தோட்டாவை அதன் தலைக்குள் வைத்து மூடி, கான்கிரீட் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் உள்ளேயே தனித்தனியாகக் கழன்று விழும். ஹார்லன் மண்டியிட்டுத் தட்டினான். மேவிஸ் மருந்தைத் தராசில் போட்டாள், பார்த்தாள், கிண்ணத்தில் கொட்டினாள். ஒரு பெட்டி காலியானது.

"மருந்து சரியா இருக்கு," என்றாள்.

"எல்லாத்துலயுமா?"

"பிரிச்ச எல்லாத்துலயும். இதுல மட்டும் அவ விட்டுக்குடுக்கல." சொல்லும்போது அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளிச்சம் குறையும் நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டாள். "மிச்சத்த நீ தட்டிடுவ இல்ல? மருந்த நெருப்புப் பக்கம் கொண்டு போயிடாத. புல்லுல தூவிடு, உரம். அவ அப்படித்தான் செய்வா. சாப்பாடு இருக்கா?"

"ஃப்ரிட்ஜ் முழுக்க இருக்கு. ஊரே குடுத்திருக்கு."

அவளுடைய கார் சரளையில் உருண்டு போகும் சத்தம் கேட்டு அடங்கியது. மீதியிருந்ததை அவன் தட்டி முடித்தான். எழுந்து முக்காலியில் உட்கார்ந்து, இடது கையால் லிவரைப் பிடித்து ஒருமுறை கீழே அழுத்திப் பார்த்தான். பாதி தூரம்வரை சுலபமாக வந்தது. அதற்குப் பிறகு தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். பனி உருகிய இடத்தில் புல் பழுப்பாகப் படிந்து கிடந்தது. காற்று கொஞ்சம் ஓயட்டும் என்று நின்றான். ஓய்ந்ததும் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினான். கரிய பொடி புல்லின் இடுக்குகளில் இறங்கி மறைந்தது.

நிமிர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. சமையலறை ஜன்னலில் வெளிச்சம் இல்லை. விளக்கைப் போட அவன்தான் உள்ளே போக வேண்டும். காலிக் கிண்ணத்தோடு இன்னும் சற்று நேரம் அங்கேயே நின்றான்.