ஒற்றை எஸ்ஸும் கொடுவா மீன் குழம்பும்

குத்தாலத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியையாக இருக்கும் மங்களாம்பிகைக்கு இலக்கணம் என்றால் உயிர். லியோன் நகரத்தில் வேலை பார்க்கும் மகன் ராஜ்குமார், தான் கட்டிக்கொள்ளப்போகும் எலோடியையும் அவள் பெற்றோரையும் ஊருக்கு அழைத்து வருவதாகச் சொன்னபோது மங்களாம்பிகை கலங்கவில்லை. போனில் வீடியோ பாடம் பார்த்து பிரெஞ்சு படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாளே சண்டை. "எழுதுறது கூடை நிறைய, வாயில சொல்றது கைப்பிடி. மிச்ச எழுத்தெல்லாம் எதுக்கு, காவலுக்கா?" என்று போனை அதட்டினாள். ஆனால் சொற்களை அசை பிரிக்கும் பாடம் வந்ததும் முகம் மலர்ந்தது. இது அவள் ராஜ்ஜியமல்லவா! அடுப்படி மேடையில் கரண்டியைத் தட்டித் தட்டி, "மத்-முவா-ஜெல்" என்று பிரித்தாள்.

வயலிலிருந்து வந்த கணவர் துரைராசு எட்டிப் பார்த்தார். "என்ன மங்களம், மிக்ஸி ரிப்பேரா?"

"இல்லீங்க. ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல எஸ் வந்தா, வண்டு கத்துற மாதிரி 'ஜ்ஜ்'னு இளகணும். நம்ம 'அகம்'ல 'க' இளகுதுல்ல, அது மாதிரி."

"எனக்கு மயக்கமே வருது. முதல்ல சோத்தப் போடு."

அந்த விதியின் மறுபாதி அடுத்த வீடியோவில் இருந்தது. அதைப் பார்ப்பதற்குள் விருந்தாளிகள் வந்து இறங்கிவிட்டார்கள்.

மதியம் இலை போட்டு அதிராம்பட்டினத்துக் கொடுவா மீன் குழம்பு பரிமாறினாள். எலோடியின் அப்பா பெர்னார் ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடி ரசித்தார். பிறகு இலையிலிருந்த குழம்பைக் காட்டி, இது என்ன என்று சைகையில் கேட்டார்.

மங்களாம்பிகை காத்திருந்த கணம். நிமிர்ந்து நின்று, அசை பிரித்து, எஸ்ஸை நன்றாக இளக்கிச் சொன்னாள்: "புவா-ஜோன்!"

பெர்னாரின் வாய் அசைவது நின்றது. அவர் மனைவி ஒதீல், எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார்.

சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மங்களாம்பிகை இன்னும் உரக்க, சிரித்த முகத்தோடு சொன்னாள்: "புவா-ஜோன்! பூர் வூ! உங்களுக்காகவே!"

ராஜ்குமாருக்குப் புரையேறியது. "அம்மா! அப்படின்னா விஷம்மா!"

"விஷமா?"

"மீனுக்கு ரெண்டு எஸ்ஸும்மா. ஒண்ணு முன் அசைக்குப் போகும், இன்னொண்ணு பின் அசைக்குப் போகும். இளகாது. புவா-ஸோன்!"

மங்களாம்பிகைக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தும் அவளுக்குள் இருந்த ஆசிரியை முந்திக்கொண்டாள். "அட, இரட்டிச்சா இறுகுதா! நம்ம படு, பட்டு மாதிரியே!"

ராஜ்குமார் விஷயத்தையும், அம்மா கட்டியிருந்த பட்டுச்சேலையைக் காட்டி அவள் சொன்ன உதாரணத்தையும் பிரெஞ்சில் விளக்கினான். பெர்னார் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இலையைக் காட்டி இன்னும் கொஞ்சம் 'புவாஜோன்' கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒதீலுக்கும் உற்சாகம் பிறந்தது. மங்களாம்பிகையின் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டினார். "படு!"

"பட்-டு," என்று தொடையில் தட்டிக் காட்டினாள் மங்களாம்பிகை.

"ப-டு!" என்ற ஒதீல், ஒத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதுபோல துரைராசு பக்கம் திரும்பி, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "படு! படு!"

துரைராசு பாவமாக மனைவியைப் பார்த்தார். "இன்னும் மோருக்கே வரலையே மங்களம், அதுக்குள்ள படுக்கச் சொல்றாங்க?"

சம்பா அறுப்பு முடிந்ததும் தையில் கல்யாணம் என்று அன்று சாயங்காலமே பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சு முழுக்க இரண்டு சம்பந்தி வீட்டாருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான் ராஜ்குமார். "இதை மட்டும் நீங்க நேரா பேசிக்க வேணாம்," என்று இரண்டு மொழியிலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.