தக்காளி முகம்

...அப்படியென்றால் அது குற்ற உணர்ச்சியே இல்லையா, வெறும் ஹிஸ்டமினா, ஸ்ட்ராபெரிகளைக் குழாயடியில் அலசியபடி அவள் மறுபடியும் அதையே நினைத்தாள், காலையில் டாக்டர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார், ஸ்ட்ராபெரி, தக்காளியெல்லாம் உங்களுக்கு ஆகாதும்மா, அதனால ஏறுற ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தை உங்க உடம்பு கழிக்க மாட்டேங்குது, அதான் முகம் சிவக்குது, தலை வலிக்குது, சின்ன வயசுலேருந்தே இருந்திருக்கும்... சின்ன வயசு. எட்டு. யாருக்கோ கொடுக்க அப்பா வாங்கி வைத்த பெட்டி, ஈர அட்டையின் வாசனை, மேசைக்கடியில் அக்காவும் அவளும், சிரிப்பு வெளியே கேட்காமல் ஒருத்தி வாயை ஒருத்தி பொத்திக்கொண்டு... அவள் தின்றது இரண்டே இரண்டு. அம்மா இருவரையும் நிற்க வைத்துப் பார்த்தாள். அக்கா முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. இவள் முகம் பற்றி எரிந்தது. திருடினவ மூஞ்சியே சொல்லுதே என்றாள் அம்மா, அக்கா வாயைத் திறக்கவில்லை, அடி இவளுக்கு மட்டும். அன்றிலிருந்து அவள் பெயரே தக்காளி. தக்காளிகிட்ட கேளு, அதுக்குப் பொய் சொல்ல வராது... முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து பயந்தே நாற்பது வருஷம் உண்மை பேசியிருக்கிறாள், வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில்கூட, இந்த ஃபிரேம் உங்களுக்கு எடுப்பா இல்ல சார் என்று வாடிக்கையாளரிடமே சொல்லிவிடுவாள், முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அந்த நேர்மையெல்லாம் இப்போது யார் கணக்கில்?

“என்னடி தக்காளி, பழத்தைக் கழுவுறியா, குளிப்பாட்டுறியா?” கூடத்திலிருந்து அக்கா. வருஷா வருஷம் பழக்காலத்தில் அக்கா ஒரு பெட்டி கொண்டுவருவாள், மூன்று மணி நேரம் பஸ்ஸில், நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு. ஏன் என்று அக்கா சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டால்... அடுத்த வருஷம் அக்கா எதை மடியில் வைத்துக்கொண்டு வருவாள்?

கிண்ணத்தைக் கொண்டுபோய் நடுவில் வைத்தாள். “டாக்டரைப் பாத்தியே, என்னவாம்?” “ஒண்ணும் இல்லையாம்க்கா. வயசாகுதாம்.” சொன்ன பிறகுதான் உறைத்தது, எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. சட்டென்று ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள், ஒன்றே ஒன்று, புளிப்பு, பிறகு இனிப்பு, மேசைக்கடி இருட்டு, வாயைப் பொத்திய அந்தச் சின்னக் கை... காது மடல் சூடாகத் தொடங்கியது. இவ்வளவு சீக்கிரமாகவா பழம் வேலை செய்யும், இல்லை, இது அந்தப் பொய்யா? அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.