சுவர் விழுங்கிய பொட்டு

“உன் வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்க?”

வேலை கேட்டு வந்த அன்று நிரஞ்சனாவிடம் சேவியர் இப்படித்தான் கேட்டார். அவள் அதற்கும் வாயைத் திறக்காமல் சிரித்துத் தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான், ‘ஆமாம்’ என்று ஆட்டிவிட்டோமே என்று உறைத்தது.

சேவியர் சிங்கப்பூரில் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுத்துக் கொடுப்பவர். அவள் கைவேகம் அவருக்குப் பிடித்திருந்தது. “தீபாவளிக்கு ஒரு வேலையைத் தனியா செஞ்சு காட்டு. கஸ்டமர் ஓகே சொன்னா நீ நிரந்தரம். இல்லன்னா பழையபடி பபிள் டீ கடைக்கே போயிடு லா,” என்றார்.

அந்தக் கஸ்டமர்தான் சிராங்கூன் சாலையில் சேலைக்கடை வைத்திருக்கும் சரஸ்வதி. கடை முகப்பில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பெரிய டிவிகளை ஒட்டி மாட்டி, ஒரே திரையாக்கியிருந்தார். இதற்கென்றே விற்கும் மெல்லிய ஓரத் திரைகள் வேண்டாமென்று, ஆஃபரில் வந்த சாதாரண டிவிகள். அவற்றின் ஓரங்கள் சேரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு, கூட்டல் குறி போல.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும், கேர்ள்,” என்றார் சரஸ்வதி. “பாசிர் ரிஸ்ல என் நாத்தனார் பாப்பாத்தி இருக்காங்க. கல்யாணத்தன்னைக்குக் குறை சொல்ல ஆரம்பிச்சவங்க, இன்னும் முடிக்கல. இதைப் பார்த்து அவங்க வாயே திறக்கக் கூடாது.”

கல்லாவில் இருந்த கணவர் முத்தையா தலையைத் தூக்கினார். “எங்க அக்கா வாயை அடைக்க நாலு டிவி பத்தாது. நாப்பது வாங்கணும்.”

“நீங்க சும்மா இருங்க. நடுவுல நான். முகம் பெருசா. புரியுதா கேர்ள்?”

நடுவில் கோடு வருமே என்று சொல்ல நிரஞ்சனா வாயெடுத்தாள். கொழுக்கட்டை நகரவில்லை. தலையாட்டினாள்.

கோட்டுக்குப் பின்னாலும் படம் தொடர்வதுபோல அவள் திரையை அமைத்தாள். அப்படிச் செய்யாவிட்டால் முகம் பிளந்து, அகன்று, பூசணிக்காய் ஆகிவிடும். செய்தால், ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் நிற்பவரைப் போல, கோட்டுக்குப் பின்னால் இருப்பது மறையும். லேப்டாப்பில் கோடு ஏது? அதில் சரஸ்வதி சாட்சாத் மகாலட்சுமியாக இருந்தார்.

மறுநாள் மாலை, தெரு விளக்கலங்காரம் எரியத் தொடங்கியதும் படத்தை ஓடவிட்டார்கள். மூக்குத்தி மின்னியது. கம்மல் ஆடியது. நெற்றியில் பொட்டு மட்டும் இல்லை. கூட்டல் குறி அந்த இடம் பார்த்து உட்கார்ந்து, அதை விழுங்கியிருந்தது.

யாரோ வழிப்போக்கர் போட்டோ பிடித்து அனுப்ப, அரை மணியில் பாப்பாத்தியின் போன் வந்துவிட்டது. குரல் கல்லா வரைக்கும் கேட்டது.

“ஏன்டி சரசு, நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட நிக்கிறியே! என் தம்பிக்கு ஒண்ணும் ஆகலையே?”

“நான் இங்கதான்க்கா இருக்கேன்!” என்று முத்தையா கத்தினார். “இப்பதான் ரெண்டு வடை சாப்பிட்டேன்!”

“நாளைக்கு நேர்ல வந்து பார்த்துத்தான் நம்புவேன்.” போன் வைக்கப்பட்டது.

சரஸ்வதி சிவந்துபோன முகத்தோடு சேவியரின் எண்ணைத் தேடினார்.

“வேணாம் ஆன்ட்டி!”

யார் குரல் என்று இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நிரஞ்சனாவும் பார்த்தாள், பின்னால் யாருமில்லை, அவளேதான்.

“நடுவுல வச்சதுதான் தப்பு. எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லப் பயமா இருந்துச்சு.”

“அப்ப என் கடையில நானே ஓரத்துல நிக்கணுமா?”

“ஓரமில்ல. ஒவ்வொரு டிவியும் ஒரு ஜன்னல். நம்ம அடுக்குமாடி பிளாக்ல மேல் வீடு, கீழ் வீடு இருக்கே, அந்த மாதிரி. அப்ப கோடு கோடாத் தெரியாது, சுவராத் தெரியும். நாலு ஜன்னல்லயும் நீங்க.”

சரஸ்வதியின் கை போனிலிருந்து இறங்கியது. “நாலு நானா? நாலு சேலை கட்டலாமா?”

“ஐயோ, ஒரு சரசுவுக்கே என் முடி கொட்டிப்போச்சு,” என்றார் முத்தையா.

“அங்கிளும் வரணும்,” என்றாள் நிரஞ்சனா. “உயிரோட இருக்கார்னு தெரியணும்ல?”

“சரி. ஆனா பாப்பாத்தி அண்ணி பார்த்துட்டு வாயைத் திறக்காமப் போனாத்தான் சேவியருக்கு ஓகேன்னு மெசேஜ் போடுவேன்,” என்றார் சரஸ்வதி.

மறுநாள் மாலை பாப்பாத்தி வந்து, இடுப்பில் கைவைத்து டிவிகளுக்கு முன்னால் நின்றார். மேல் ஜன்னல் சரஸ்வதி ஒரு பட்டுச் சேலையைக் கீழே தொங்கவிட, அது சுவருக்குப் பின்னால் மறைந்து, கோணாமல் கீழ் ஜன்னலுக்கு வந்தது. அங்கிருந்த சரஸ்வதி அதைப் பிடித்துத் தோளில் போட்டு அழகு பார்த்தார். பக்கத்து ஜன்னல் சரஸ்வதி பொறாமையில் முகத்தை வெட்டினார். கடைசி ஜன்னலில் சரஸ்வதிக்குப் பின்னாலிருந்து முத்தையா எட்டிப்பார்த்து, முறுக்கைக் கடித்தபடி கையசைத்தார். நடைபாதையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பாப்பாத்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விரல் நீட்டிப் பொட்டுகளை எண்ணினார். நான்கும் இருந்தன. கல்லாப் பக்கம் திரும்பினார். தம்பியும் இருந்தார், அங்கேயும் முறுக்குதான் தின்றுகொண்டிருந்தார்.

பாப்பாத்தி வாயைத் திறந்தார். சரஸ்வதியின் கட்டைவிரல் போனின் மேல் அந்தரத்தில் நின்றது.

திறந்த வாய் மெல்ல மூடியது. பாப்பாத்தி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கும் பக்கம் திரும்பி, விறுவிறுவென்று நடந்துபோனார்.