படைத்தலைவரின் மூச்சு

திரையில் படைத்தலைவர் பேரரசரின் காலடியில் மண்டியிட்டிருந்தார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அந்த வாய்க்குச் சத்தம் கொடுக்கத்தான் தம்பி மைக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

“என் வாளைத்தானே கேட்டீர்கள், பேரரசே? அது என்றைக்கு என்னுடையதாக இருந்தது?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் பெண் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். இயக்குநர் கைதட்டினார். தம்பி தலையாட்டிவிட்டு வெந்நீர் குடித்தான். நன்றாக வந்திருக்கிறது என்று அவனுக்கும் தெரிந்தது, வெளியே வெயில் அடிக்கிறது என்று தெரிவதைப்போல.

பேரரசரின் படைத்தலைவர்களைப் பற்றிய படத்தின் இரண்டாம் பாகம் அது. முதல் பாகத்தில் மூத்த படைத்தலைவருக்குக் குரல் கொடுத்தவர் அவனுடைய அண்ணன். நடித்தவருக்குக் கீச்சுக் குரல். படம் ஓடியதே அண்ணனின் குரலால்தான் என்று சொன்னவர்கள் உண்டு. பழக்கடைக்காரர்கூட அவர் வாயைத் திறந்ததும் திரும்பிப் பார்த்து, “உத்தரவு, தலைவரே!” என்று சல்யூட் அடிப்பார். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான் போய் வருகிறது. பேச்சு கிடையாது.

“அப்படியே உங்க அண்ணன் மாதிரி வேணும். ஜனங்களுக்குத் துளி சந்தேகம் வரக்கூடாது” என்று இயக்குநர் கேட்டபோது தம்பி மறுக்கவில்லை, யோசிக்கக்கூட இல்லை. சரி என்றான். சின்ன வயதில் அண்ணனைப்போலப் பேசி அம்மாவையே ஏமாற்றியவன். அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்க்க முயன்றான். எந்த முகமும் வரவில்லை. “மயக்க ஊசி போட்டது அவருக்கு. அவரு எழுந்து உக்காந்துட்டாரு, உங்களுக்குத்தான் இன்னும் தெளியல” என்று அண்ணி ஒருமுறை சொல்லியிருந்தாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். இவனும் சிரித்தான். சாப்பிட்டான், தூங்கினான், வேலைக்கு வந்தான். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல எல்லாமே நடந்துகொண்டிருந்தது.

இடைவேளையில் மைக் அறையை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது. யாரென்று பார்க்காமல் எடுத்தான். தொண்டை இன்னும் படைத்தலைவரை விட்டு இறங்கவில்லை.

“சொல்லு.”

மறுமுனையில் பேச்சே இல்லை. துண்டித்துவிட்டார்களோ என்று கைபேசித் திரையைப் பார்த்தான். அண்ணி.

“தம்பியா?” என்றாள் கடைசியில்.

“ஆமா அண்ணி. நான்தான்.”

“இனிமே எங்கிட்ட அவரு குரல்ல பேசாதீங்க.” மூக்கை உறிஞ்சினாள். “அவரு அங்கதான் வந்துக்கிட்டிருக்காரு. நான்தான் சொல்லிட்டேன். வீட்டுக்குள்ளயே ஒளிச்சு ஒளிச்சு என்னால முடியல.”

“கோபப்பட்டாரா?”

“சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அவ்வளவுதான்.”

அவன் போனை வைப்பதற்குள் அண்ணன் உள்ளே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் கையை அமர்த்தி உட்காரச் சொன்னார். தம்பியைப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவுப் பெண்ணிடம் காதைத் தொட்டுக் காட்டினார். அவள் இயக்குநரைப் பார்த்துவிட்டு, பதிந்த காட்சியை ஓடவிட்டாள்.

தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். படைத்தலைவர் வாளைக் கழற்றிக் கொடுக்கும் இடத்தில் அவர் உதடுகள் லேசாக அசைந்தன. முடிந்ததும் தம்பியின் பக்கம் திரும்பி, அவன் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினார். அடியா பாராட்டா என்று அவனுக்குப் புரியவில்லை. வலிக்கவும் இல்லை.

“அண்ணே, உங்ககிட்ட சொல்லணும்னுதான்...” என்று தொடங்கினான். அண்ணன் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்து என்ன என்று இயக்குநரிடம் சைகையால் கேட்டார்.

இயக்குநர் தடுமாறினார். “கடைசிக் காட்சி சார். தலைவர் சாகுறது. வசனம் இல்ல. கழுத்துல அம்பு பாஞ்சு... வெறும் மூச்சுதான்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அறையில் ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு கண்ணாடிக்கு அப்பால் இருந்த மைக்கை.

“வேணாம்ணே. நான் செஞ்சுடுறேன்” என்றான் தம்பி. சொன்னது எந்தக் குரலில் என்று அவனுக்கே தெரியவில்லை.

அண்ணன் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தார். மைக்கின் முன் நின்று, பழைய வழக்கம்போலச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். வாய்க்கு நேராக இருந்த மைக்கைத் திருகித் தளர்த்தி மெல்லக் கீழே இறக்கினார். வெள்ளைத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் படைத்தலைவர் குதிரையிலிருந்து சரிந்தார். ஒலிபெருக்கியில் முதல் மூச்சு வந்தது. ஈரமாக, கரகரத்து, நீளமாக. ஒலிப்பதிவுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி கண்ணாடிமேல் கையை வைத்தான். அது சில்லென்று இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது அவன் உள்ளங்கையில் மெல்ல அதிர்ந்தது.