மூலைக்குப் போன ராஜா

சிங்கப்பூர்க் கப்பல் கம்பெனி ஒன்று தன் சதுரங்கக் குழுவுக்கு ஆள் தேடியது. மலாயாவில் ரெம்பாவ் ஊரில் நடக்கும் போட்டியில் ஜெயிப்பவருக்கு அங்கே குமாஸ்தா வேலை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வீரமுத்து பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தான்.

அவசரகால ஊரடங்குக்கு முன் எல்லாரும் எஸ்டேட் திரும்ப வேண்டும் என்பதால் ஆளுக்குக் கால் மணி நேரம்தான். இறுதி ஆட்டத்தில் எதிரே மதார் மைதீன். கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். காயை நகர்த்துவதும் கடிகாரத்தைத் தட்டுவதும் அவருக்கு ஒரே கைவீச்சு.

“மெதுவா யோசிங்க கிராணி. எஸ்டேட் கேட்டச் சாத்திட்டா எங் கடையிலேயே படுத்துக்கலாம்லா,” என்றார்.

கேட் என்றதும் வீரமுத்துவுக்கு அந்த ஊரடங்கு ராத்திரி நினைவுக்கு வந்தது. பிரசவ வலியோடு மனைவி மயிலம்மாள் லாரியில் கிடக்க, முள்வேலிக் கேட்டைத் திறக்க உத்தரவு வருவதற்குள் விடிந்துவிட்டது. பிள்ளையும் இல்லை, அவளும் இல்லை. இப்போதும் தினம் அந்தக் கேட்டைக் கடந்துதான் வேலைக்குப் போகிறான். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறான், படுத்தாலும் எழுந்துகொள்கிறான்.

ஆட்டம் அவன் கைக்கு வந்திருந்தது. ஒரு யானை கூடுதல். மைதீனிடம் மிஞ்சியது ஒரே மிரட்டல்: யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கினால் ராஜாவுக்குப் போக இடமின்றி ஆட்டம் முடிந்துவிடும். ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் தீர்ந்தது. வீரமுத்து அதைப் பார்த்தும்விட்டான். மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. கை போனது, ராஜாவை எடுத்து, சிப்பாய்களைத் தாண்டிக் குதிரைபோல் பாய்த்து வைத்தது.

நடுவரான பள்ளி வாத்தியார் கடிகாரத்தை நிறுத்தினார். செல்லாது என்றார். தொட்டது ராஜாவை, அதைத்தான் நகர்த்த வேண்டும். மீதமிருந்தது மூலைக் கட்டம் மட்டும்.

விதிகளையெல்லாம் கல்லூரியிலேயே கரைத்துக் குடித்தவன் அவன். வீட்டில் அது எடுபடவில்லை. ராஜா ஒரு தடவை குதிரையாகப் பாயலாம், அதுதான் நம்ம ஆட்டம் என்று மயிலம்மாள் சாதிப்பாள். தோற்கப்போகும்போதெல்லாம் பாய்வாள். அவனும் பழகிக்கொண்டான்.

மைதீன் குரலைத் தாழ்த்தினார். “எங்க வாப்பா ஆட்டமும் இதான். நீங்க யாரோட ஆடிப் பழகுனீங்க?”

“வீட்ல.”

அவர் ராஜாவைச் சுட்டினார். “பழைய எடத்துலயே எடுத்து வச்சுச் சரியா ஆடுங்க தம்பி. வாத்தியார்ட்ட நான் பேசிக்கிறேன்.”

எடுத்து வைத்தால் சிங்கப்பூர். அந்தக் கேட்டை இனிப் பார்க்க வேண்டாம். ஆனால் அவள் போனபின் அவளுடையது ஒன்று தானாக அவன் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அது நடக்கவே இல்லை என்று ஆக்க மனம் வரவில்லை.

“வேணாம் பாய்,” என்று ராஜாவை மூலையில் வைத்தான். மைதீன் தயங்கித்தான் யானையை இறக்கினார்.

கேட்டில் அடையாளக் கார்டைப் பார்த்து உள்ளே விட்டார்கள். வீட்டில் பெட்டிக் கயிற்றை அவிழ்த்து, அடியில் கிடந்த அவளுடைய பலகையை எடுத்து விரித்தான். ஒரு பக்கம் உட்கார்ந்தான். பிறகு எழுந்து மறுபக்கம், அவள் இடத்தில், போய் உட்கார்ந்தான்.