முகம் தெரிந்த படம்

தட்சிணாமூர்த்தியைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. தில்லியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குப் பல வருஷமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர். எல்லைச் சண்டையில் குண்டு விழுந்த கிராமங்களுக்கெல்லாம் போய்வந்தவர். ஆனால் நெருக்கடி நிலை வந்த பிறகு அவரைப் பிடித்துக்கொண்ட பயம் வேறு தினுசு. அது குண்டைப்போலச் சத்தம் போடாது. ஒரு நாள் பக்கத்து மேஜை உதவி ஆசிரியர் வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அப்போது அவர் எடுத்ததெல்லாம் திறப்பு விழாவும் மரம் நடு விழாவும்தான். மற்ற படங்களைத் தணிக்கை அதிகாரி பார்க்கக்கூட மாட்டார்.

எழுபத்தாறாம் வருஷக் கோடையில் அப்படி ஒரு விழாவை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் யமுனைக் கரை ஓரமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். தூரத்தில் செம்மண் புழுதி புகைபோல எழும்பியது. புழுதிக்குள்ளிருந்து பெண்களின் ஓலம் கேட்டது. தமிழ் ஓலம். ஸ்கூட்டரை நிறுத்தினார்.

கட்டட வேலைக்கு வந்த தமிழ்நாட்டுக் கூலிக்காரர்களின் குடிசைகளை புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எந்திரத்தின் முன்னால் நின்றாள். ஓர் இன்ஸ்பெக்டர் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். பின்னால் ஒரு போலீஸ்காரன் அவள் புருஷனின் காலில் லத்தியை இறக்கிக்கொண்டிருந்தான். படத்துக்கு எல்லாம் சரியாக இருந்தது. அவள் முகம் மட்டும் மறுபக்கம் திரும்பியிருந்தது.

உடைந்த சுவருக்குப் பின்னால் காமிராவோடு குந்தியிருந்த தட்சிணாமூர்த்தி வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டார்.

"அம்மா, இங்க பாரு!"

தமிழ்க் குரல் கேட்டதும் அவள் சட்டென்று திரும்பினாள். யாரோ நம்ம ஊர் ஆள் காப்பாற்ற வந்துவிட்டான் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் பளிச்சென்று வந்தது. அவர் பொத்தானை அழுத்தினார். அடுத்த கணம் சுவர் ஓரமாகவே ஓடி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் படம் இங்கே அச்சாகாது. தெரிந்த வெளிநாட்டு நிருபர் ஒருவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தார். பெயர் போடாமல் கடல் கடந்து ஒரு வாரப் பத்திரிகையில் அது வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. மந்திர் மார்க் பக்கம் அவருடைய மனைவி இந்திராணிக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். மாடிப்படியில் யார் ஏறினாலும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த இந்திராணி, ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்த சமயம் நெகட்டிவை அடுப்பில் போட்டுவிட்டாள். கருகல் நாற்றம் வீடெல்லாம் நிறைந்துவிட்டது. அவர் வந்தபோது ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, அந்தப் புழுக்கத்தில் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டம்மா கதவத் தட்டி, என்ன கருகுதுன்னு கேட்டாங்க. பால் பொங்கிருச்சுன்னு சொன்னேன். நம்புனாங்களான்னு தெரியல. அவங்க வீட்டுக்காரருக்கு ஹோம் மினிஸ்ட்ரில வேலைங்க!"

அவர் கோபப்படவில்லை. தானே செய்திருக்க வேண்டியதை அவள் செய்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் செய்தி ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே சாம்பல் நிற சஃபாரி சூட் போட்ட ஒருவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். செய்தி ஆசிரியர் மேஜையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மூர்த்தி சாப், இந்தப் படம் எப்படி?" என்று இந்தியில் கேட்டபடி அவன் பத்திரிகைத் தாளை நீட்டினான்.

"நல்ல படம். எடுத்தது யாரென்று தெரியாது."

"பரவாயில்லை. எடுத்தவன் கெட்டிக்காரன். முகம் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது பாருங்கள்! இவளைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையா? அவனை இவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்? இவளே சொல்லிவிடுவாள்."

அதுவரை தட்சிணாமூர்த்தி தனக்காக மட்டுமே பயந்துகொண்டிருந்தார். அந்த முகத்துக்கு ஓர் ஆள் உண்டு, அந்த ஆளுக்கு அடிவாங்க முதுகும் கன்னமும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காமிரா இல்லாமல் கிளம்பினார். வழியில் மூன்று இடத்தில் பஸ் மாறினார். ஆற்றுக்கு அப்பால் பொட்டலில் கொண்டுபோய்ப் போட்ட ஜனங்கள் சாக்கையும் தகரத்தையும் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். குழாயடியில் விசாரித்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அவரே அலைந்து கண்டுபிடித்தார். அவள் சாக்குப் படுதாவுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே கயிற்றுக் கட்டிலில், காலில் கட்டுப் போட்ட ஒருவன் படுத்திருந்தான். அவள் இடது கன்னம் வீங்கியிருந்தது.

"அன்னிக்குக் கூப்ட்டது நீதான சார்?" என்றாள். குரலை வைத்தே கண்டுகொண்டாள்.

"ஆமாம்மா. போலீஸ் வந்தாங்களா?"

"ரெண்டு வாட்டி வந்தானுங்க. படத்தக் காட்டி எவன் எடுத்தான்னு கேட்டானுங்க. வெள்ளக்காரன்னு சொல்லிட்டன். அடிச்சானுங்க. அப்பவும் வெள்ளக்காரன்தான்னுட்டன்." அவள் மூச்சு வாங்கினாள். "காப்பாத்த வந்த ஆளுன்னு நெனச்சித் திரும்புனன் சார். நீ என்னாடான்னா ஓடிப்பூட்ட. இப்ப இன்னாத்துக்கு வந்த? உன்ன இங்க பாத்தா நான் சொன்னது பொய்யின்னு ஆயிடாதா? போ சார், போயிடு!"

அவர் திரும்பினார். சந்து முனையில் ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிற சஃபாரி சூட் அவசரமில்லாமல் நடந்து வந்தது. அவர் மாறிய மூன்று பஸ்ஸையும் அது எண்ணிக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

"யார் இவர்?" என்று அவளிடம் கேட்டான்.

அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல், அரைகுறை இந்தியில் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு தம்பி. அண்ணனப் பாக்க வந்திருக்காரு."

"அச்சா!" அவன் சிரித்தபடி தட்சிணாமூர்த்தியின் தோளில் கை போட்டான். "உங்கள் அண்ணன் பெயர் என்ன, மூர்த்தி சாப்?"

அவருக்குத் தெரியவில்லை. அவள் பெயரே தெரியாது. அவளைப் பார்த்தார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கட்டிலில் கிடந்தவன் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். ஜீப்பிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். அதில் ஒருவன் அவளை நோக்கி நடந்தான். அவள் தன்னையறியாமல் வீங்கிய கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நான்தான் எடுத்தேன்," என்றார் தட்சிணாமூர்த்தி.

அது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "படத்தை நான்தான் எடுத்தேன். இந்தம்மா என்னைப் பார்த்ததில்லை. இவர்களை விட்டுவிடுங்கள்."

சொல்லிவிட்டதால் பயம் தெளிந்துவிடவில்லை. ஜீப்பில் ஏறும்போது அவருக்குக் கால்சராய் நனைந்துவிடும்போல இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். அவள் கையைக் கன்னத்திலிருந்து எடுக்காமலே நின்றிருந்தாள். அவளை யாரும் தொடவில்லை.

விசாரணை இல்லாமல் மாதக்கணக்கில் சிறையில் வைத்திருந்தார்கள். அடித்ததைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. இந்திராணியை வேறு ஊருக்கு மாற்றுவோம் என்று மிரட்டினார்கள், மாற்றவில்லை. தேர்தல் அறிவித்த பிறகு வெளியே விட்டார்கள். பத்திரிகை மறுபடி வேலை கொடுத்தது. செய்தி ஆசிரியர் எல்லாருக்கும் முன்னால் கட்டிப்பிடித்து அழுதார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆற்றைத் தாண்டிப் போனார். சாக்குப் படுதா இருந்த இடத்தில் அரைச்சுவர் எழும்பியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கலியன், நொண்டிக்கொண்டே எழுந்து கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டான். அவள் பெயர் குஞ்சம்மாள் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

"உள்ள ரொம்ப அடிச்சானுங்களா சார்?"

"அதெல்லாம் இல்லம்மா."

"எனக்குத் தெரியும், உடு." அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். "உம்மேல எனக்குக் கோவம் இருந்திச்சு சார். இப்பவும் கொஞ்சம் இருக்குது. டீயக் குடி, ஆறிடும்."

அப்போது சந்து முனையில் ஒரு வண்டி உறுமி நின்றது. மூவரும் அசையாமல் உட்கார்ந்தார்கள். அவருடைய கையிலிருந்த தேநீர் தளும்பி விரலில் கொட்டியது. வந்தது தண்ணீர் லாரி; வண்டிக்காரன் தண்ணீர் வந்துவிட்டதென்று குரல் கொடுத்தான். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கலியன் வாய்விட்டுச் சிரித்தான். குஞ்சம்மாளும் சிரித்துக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். தட்சிணாமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. சுட்ட விரலை உதறிக்கொண்டு, லாரியிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.