ஏழு மீட்டர் முப்பத்திரண்டு

அணு உலை வளாகத்தின் வாசலில் காரைவிட்டு இறங்கும்போதே பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பசியெல்லாம் இல்லை. வரவேற்க நின்றுகொண்டிருந்தவள் அவளுடைய ஓரகத்தி.

ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள் இருவரும். பெரியவள் ஒழுங்குமுறை அலுவலகத்தில் பாதுகாப்பு ஆய்வாளர். கொழுந்தனின் மனைவியான சின்னவள், இந்த வளாகத்தில் அளவுக் கருவிகள் பிரிவின் தலைவி. சொந்தக்காரர்கள் இருக்கும் இடத்துக்கு ஆய்வுக்குப் போகக்கூடாது என்று விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் படிவத்தில் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர் என்று நாலே நாலு கட்டங்கள். ஓரகத்திக்குக் கட்டம் கிடையாது. விதி எழுதினவர் கூட்டுக் குடும்பத்தில் ஒரு நாள்கூடக் குப்பை கொட்டியிருக்க மாட்டார். வர வேண்டிய ஆய்வாளர் முதுகுவலி என்று படுத்துவிட, "நான் போறேன் சார்" என்று முந்திக்கொண்டவள் பெரியவள்தான்.

சும்மா முந்திக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் சின்னவள் வளாகம் முழுவதற்கும் பாதுகாப்புத் தலைவியாகப் போகிறாளாம். மாமியாருக்குத் தொலைபேசியில் யார் கிடைத்தாலும் போதும், "எங்க சின்னவ இருக்காளே..." என்று ஆரம்பித்துவிடுவார். பெரியவள் இருபது வருடமாக இதே துறையில் மாரடிக்கிறாள். "எங்க பெரியவ" என்று தொடங்கி ஒரு வாக்கியமாவது அந்த வாயிலிருந்து வந்ததுண்டா? ஒரே ஒரு தடவை வந்தது. "எங்க பெரியவ துணி நல்லா மடிப்பா."

"வாங்க மேடம்" என்றாள் சின்னவள்.

வீட்டில் அக்கா, இங்கே மேடமா? பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா என்று கூப்பிட்டிருந்தாலும் பற்றிக்கொண்டுதான் வந்திருக்கும், அது வேறு விஷயம்.

கூட்ட அறையில் பதிவேடுகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். முதல் மூன்றில் ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. நான்காவதில் கிடைத்தது.

உலையிலிருந்து எடுத்த பழைய எரிபொருளைத் தண்ணீருக்கடியில் ஆற வைக்கும் குளம் ஒன்று உண்டு. அதன் நீர்மட்டத்தை ஒவ்வொரு ஷிஃப்டிலும் போய்ப் பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் ஆவியாகும், மட்டம் இறங்கும், நிரப்பினால் ஏறும். ஆனால் பதிவேட்டில் பத்தொன்பது நாளாக ஏழு மீட்டர் முப்பத்திரண்டு, ஏழு மீட்டர் முப்பத்திரண்டு. என்ன அர்த்தம்? ஒருத்தனும் போய்ப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி நேற்றைய எண்ணை இன்றைக்கும் எழுதியிருக்கிறார்கள். பொய்ப் பதிவைவிடப் பெரிய குற்றம் அந்தத் தொழிலில் இல்லை. பிரிவுத் தலைவியின் உரிமம் போகும், பாதுகாப்புத் தலைவி பதவி கனவிலும் வராது.

'மாட்டினியாடி மகளே!' பெரியவளின் வயிறு அப்போதே குளிர்ந்துவிட்டது.

ஆய்வுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும். கிழிக்க முடியாது. எழுதியதை மாற்ற வேண்டுமானால் ஒற்றைக் கோடு போட்டு, காரணம் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அதனால் முதலில் இடத்தைப் போய்ப் பார், அப்புறம் எழுது என்று புதிதாய்ச் சேர்பவர்களுக்கெல்லாம் அவளே பாடம் எடுத்திருக்கிறாள். இன்றைக்குக் கை சும்மா இருக்கவில்லை. 'குறை: பொய்ப் பதிவு. பொறுப்பு: அளவுக் கருவிகள் பிரிவுத் தலைவி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான், "குளத்தப் பாக்கணும்" என்று எழுந்தாள்.

மேலங்கி மாட்டி, காலுறை போட்டு, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். சுவரில் இருந்த நீர்மட்ட மீட்டர் ஏழு முப்பத்திரண்டு காட்டியது. பெரியவள் விரலால் தட்டினாள். முள் அசையவில்லை.

"இது செத்துப்போச்சு மேடம், பத்தொம்பது நாளாச்சு" என்றாள் சின்னவள்.

குளத்தின் கம்பித் தடுப்பில் நீளமான எஃகு அளவுகோல் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு அட்டையில் தாள்கள், நூல் கட்டிய பேனா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணால் பார்த்து எழுதியிருந்தார்கள். முப்பத்தொன்று, இருபத்தொன்பது, இருபத்தெட்டு, தண்ணீர் நிரப்பியது, மறுபடி முப்பத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுக்கச் சின்னவளின் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு, ஒரு புள்ளியோடு. அந்த ஞாயிறுகளில் அவள் மாமியார் வீட்டுப் பக்கம் வரவில்லை. 'மகாராணிக்கு நம்மகூட உக்கார நேரமில்ல' என்று பெரியவள்தான் வாய் வலிக்கப் பேசியிருந்தாள்.

"அங்கீகாரம் இல்லாத அளவுகோல்ல எடுத்தத மெயின் பதிவேட்டுல எழுதக்கூடாதுன்னு உங்க விதி. அதனால மீட்டர் காட்டுறத அப்படியே எழுதி, பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கோம். கீழ 'இணைப்பைப் பார்க்கவும்'னு இருக்குமே, பாக்கலையா மேடம்?"

பார்க்கவில்லை. தூசி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பேரெடுத்த கண் அதைப் பார்க்கவில்லை.

"புது மீட்டர் மாட்ட வேண்டியதுதானே?"

"ஸ்டோர்ல ரெடியா இருக்கு. மாட்டுறதுக்கு உங்க ஆபீஸ் அனுமதி வேணும். முதல் நாளே ஃபைல் அனுப்பிட்டேன். ரெண்டு நினைவூட்டலும் போட்டாச்சு."

கருவிகளுக்கான அனுமதி பெரியவளின் மேஜைக்குத்தான் வரும். அந்தக் கோப்பு வந்ததும் நினைவிருந்தது. மேலட்டையில் இரண்டு கோடும் புள்ளியும் வைத்த கையெழுத்தைப் பார்த்ததுமே, 'வந்து வாயத் திறந்து கேக்கட்டும்' என்று பிரிக்காமல் கட்டுக்கடியில் செருகியிருந்தாள். நினைவூட்டல்களும் அங்கேதான் போயின. நீர்மட்டம் இறங்கினால் அலற வேண்டிய மணி, அந்தச் செத்த மீட்டரை நம்பித்தான் இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"வீட்டு உறவ வெச்சுக் காரியம் சாதிச்சேன்னு ஆயிட்டா உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

திரும்பி வந்தபோது ஆய்வுப் புத்தகம் திறந்தபடியே கிடந்தது. சின்னவள் படித்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா, இத அடிச்சுடுங்க. இணைப்ப நாங்க காட்டத் தாமதமாச்சுன்னு காரணம் எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன். ஃபைலும் எங்க தபால்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம். அதுக்காக உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துடக்கூடாது."

பாதுகாப்புக் கோப்பை முடக்கினால் ஆய்வாளர் பதவியே போய்விடும். இருபது வருடம். சரி என்று ஒரு சொல் சொன்னால் தப்பிக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது அந்த முகத்தைப் பார்த்தாள்.

அதில் சூதும் இல்லை, குத்தலும் இல்லை. நிஜமாகவே இவளுக்காகப் பதறுகிற முகம். பெரியவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அடிப்பாவி, இதிலும் நீயே நல்லவளா? ஞாயிற்றுக்கிழமை வந்து காவல் காத்ததும் நீ, வாயைத் திறக்காமல் பொறுத்ததும் நீ, என்னைக் காப்பாற்றுவதும் நீயேவா? இனி வீட்டில் பார்க்கும்போதெல்லாம் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னை அக்கா, அக்கா என்பாயா? ஐயோ சாமி, அதற்கு வேலை போவதே மேல்.

போனை எடுத்து அலுவலகத்துக்குப் பேசினாள். "சார், என் மேஜையில அடியில ஒரு ஃபைல் கிடக்கு. வேற யாரையாவது விட்டுப் பாத்து இன்னிக்கே முடிவு சொல்லுங்க. ஏன் கிடந்ததுன்னு எழுத்துல தர்றேன்."

முதலில் எழுதியதன்மேல் ஒற்றைக் கோடு போட்டாள். 'காரணம்: இணைப்பை ஆய்வாளர் பார்க்கவில்லை.' அதற்குக் கீழே, 'குறை: மீட்டர் மாற்றும் அனுமதி பத்தொன்பது நாள் தாமதம். பொறுப்பு: ஆய்வாளர். காரணம்: கோப்பைப் பிரிக்கவில்லை.' பேனா கொஞ்சம் நின்றது. பிறகு 'வேண்டுமென்றே' என்று சேர்த்தாள்.

சின்னவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க்கா? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான்."

பக்கத்தின் அடியில் ஓர் அங்குல இடம்தான் மிச்சமிருந்தது. சின்னவள் பேனாவை எடுத்தாள்.

"அந்த ரெண்டு கோட்டையும் புள்ளியையும் இங்க போடாத" என்றாள் பெரியவள். "நானும் கையெழுத்துப் போடணும். எனக்கும் கொஞ்சம் இடம் விடு."